மற்றும் பலர்: ஒரு பழைய துணை நடிகரின் கலைவாழ்வைப் பதிவு செய்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் நடிகர் 1940களின் தொடக்கத்தில் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, 1950களிலும் 60களிலும் தமிழ்ப் படங்களில் சிறு வேடங்கள் செய்தவர். பழைய படம் பார்க்கிறவர்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. ராஜசபையில் நிற்கும் மந்திரி, கோர்ட்டில் டவாலிச் சேவகன், கடனைத் திருப்பிக் கேட்டு வருகிறவர், பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் என்று வந்து இரண்டு வசனம் பேசிவிட்டுப் போவார். அவருடைய வாழ்க்கைக் குறிப்பையும் படப் பட்டியலையும் திரட்டித் தரும்படி குடும்பத்தார் கேட்டார்கள். பழைய நாடக, சினிமாக் கலைஞர்களின் காகிதங்களையும் குரல்களையும் சேகரிக்கும் ஒரு சிறு குழு நாங்கள். 2013 கடைசியிலிருந்து 2015 நடுப்பகுதி வரை இந்த வேலை நடந்தது. குடும்பத்தின் விருப்பப்படி அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவரைக் காட்டிக்கொடுக்கும் படப் பெயர்களையும் விட்டுவிட்டோம்.

பின்னணி

முதலில் எங்களைத் தேடி வந்தவர் பேரன். தாத்தா பெயரில் ஒரு சிறப்பு மலர் போட வேண்டும், அவர் இருக்கும்போதே போட வேண்டும் என்பது அவர் எண்ணம். கையோடு ஒரு பட்டியலைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அதில் இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். பாதி இணையத்தில் எடுத்தது, மீதி உறவினர்கள் ஆளாளுக்குச் சொன்னது.

பெரியவர் அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். வடபழனிப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார். கண் மங்கல், காது ஓரளவு பரவாயில்லை, நடை தள்ளாட்டம். பேச்சு மட்டும் கணீரென்று இருந்தது. கம்பெனியில் பயின்றவர்களின் குரல் அப்படித்தான். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரருக்கும் கேட்கும்படி பேசிப் பழகியது.

அவர் வந்த வழி புரிந்தால்தான் மேலே சொல்லப்போவது புரியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1922-இல் அவர் காலமான பிறகும் இப்படிச் சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகள் பல கிளம்பின. டி.கே.எஸ். சகோதரர்களின் சபை, நவாப் ராஜமாணிக்கத்தின் சபை, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி ஆகியவை அவற்றில் பெரியவை. எம்.ஜி.ஆர்., பி.யு.சின்னப்பா, என்.எஸ்.கிருஷ்ணன், எம்.என்.நம்பியார் எல்லாரும் இந்தக் கம்பெனிச் சோறு சாப்பிட்டவர்கள். சிவாஜி கணேசனும் வேறொரு பாய்ஸ் கம்பெனியில் சீதை வேடத்தில் தொடங்கியவர்தான். ஏழெட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து விட்டால் சாப்பாடும் துணியும் கம்பெனி பொறுப்பு. விடிவதற்கு முன் எழுந்து பாட்டுப் பயிற்சி, அப்புறம் வாத்தியார் பாடம் ஏற்றுவார், ராத்திரி நாடகம். ஊர் ஊராகக் கம்பெனி வீடு மாறும்.

எங்கள் பெரியவர் சிறிய கம்பெனி ஒன்றில் ஒன்பது வயதில் சேர்ந்தார். ஸ்திரீ பார்ட், அதாவது பெண் வேடம். நோட்டீஸில் ‘மாஸ்டர்’ என்ற அடைமொழியோடு பெயர் வந்த காலம் அவருக்கு அதுதான். குரல் உடைந்ததும் அந்த இடம் போயிற்று. சில வருடங்கள் படுதா இழுத்து, பின்பாட்டுப் பாடி, சின்னச் சின்ன வேடங்கள் கட்டிக் கழித்தார். 1940களின் கடைசியில் சேலத்துக்குப் போய் ஸ்டூடியோவில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கிருந்து சென்னை.

முதல் சந்திப்புகளில் கண்டது

பேரனின் பட்டியலை வைத்துக்கொண்டு அவரிடம் பேச உட்கார்ந்தபோது எதுவும் நகரவில்லை. “இந்தப் படத்தில் என்ன வேஷம் ஐயா?” என்றால் “ஏதோ ஒண்ணு தம்பி” என்பார். “எந்த வருஷம்?” என்றால் மகள் முகத்தைப் பார்ப்பார். நாலைந்து கேள்விக்குள் களைத்துவிடுவார். மகளுக்கு வருத்தம், அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது என்று எங்களிடம் தனியாகச் சொன்னார்.

ஞாபகம் போகவில்லை என்பது தற்செயலாகத் தெரிந்தது. எங்களோடு வந்திருந்த ஒரு பெண் தெருக்கூத்து, நாடகப் பாட்டுகளில் ஈடுபாடுள்ளவர். பேச்சு வாக்கில் வள்ளி திருமணத்தில் ஒரு வரியைத் தவறாகச் சொன்னார். பெரியவர் உடனே நிமிர்ந்து திருத்தினார். திருத்தியதோடு நிற்காமல் வள்ளியின் அடுத்த பதிலைச் சொன்னார், அதற்கு நாரதர் சொல்வதையும் சொன்னார். வள்ளிக்கும் தோழிக்கும் நாரதருக்கும் குரல் மாறியது. ஸ்திரீ பார்ட் கட்டியவருக்கு நாரதர் பாடம் எப்படித் தெரியும் என்று கேட்டோம். “எல்லாப் பாடமும் எல்லாருக்கும் தெரியணும். ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா இன்னொருத்தன் ஏறணும், கொட்டகைய மூட முடியுமா?” என்றார். அன்று பேசிய அளவு அதற்கு முன் அவர் பேசவேயில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குத் தெளிவானது ஒன்று உண்டு. அவர் தன் தொழில் என்று நினைப்பது நாடகத்தை. சினிமா அவருக்குப் போய் வந்த வேலை. குடும்பமும் நாங்களும் அந்தப் போய் வந்த வேலையைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம்.

காகிதங்களின் நிலை வேறு கதை. ஒரு தகரப் பெட்டி, இரண்டு ஆல்பம். பெட்டியில் நாடக நோட்டீஸ்கள், படங்களுக்காக அச்சிட்ட பாட்டுப் புத்தகங்கள், சில கடிதங்கள், நடிகர் சங்க உறுப்பினர் அட்டை, ஸ்டூடியோவில் பற்றாக வாங்கிய பணத்தைக் குறித்த ஒரு சின்ன நோட்டு. நோட்டீஸ் சிலவற்றில் கிழிந்த இடத்தை யாரோ பல வருடம் முன்பு செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். டேப் உதிர்ந்து பழுப்புத் தழும்பு மட்டும் மிச்சம். ஒரு நல்ல நோட்டீஸைப் பாதுகாப்பதாக நினைத்து லேமினேட் செய்துவிட்டார்கள். அதற்கு இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது, பிளாஸ்டிக்கைப் பிரித்தால் காகிதம் கூடவே வரும்.

ஆல்பங்கள் 1980களில் வீட்டுக்கு வீடு இருந்த பசைப் பக்க ஆல்பங்கள். பக்கத்தில் படத்தை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை மூடுவோமே, அந்த வகை. பசை காய்ந்து புகைப்படங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. படப்பிடிப்பு ஸ்டில்களுக்குப் பின்புறம்தான் முக்கியம். ஸ்டில் எடுத்தவரின் ரப்பர் முத்திரை, படக் கம்பெனியின் பெயர், வரிசை எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆல்பத்தில் ஒட்டியதால் அந்தப் பக்கத்தை முப்பது வருடமாக யாரும் பார்க்கவில்லை.

பட்டியலில் இருந்த சிக்கல்

பேரனின் பட்டியலைப் பாட்டுப் புத்தகங்களோடு ஒப்பிட்டபோது மூன்று வகைக் குழப்பம் தெரிந்தது.

முதலாவது இனிஷியல். இதே பெயரில் இன்னொரு நடிகர் அதே காலத்தில் இருந்திருக்கிறார், இனிஷியல் மட்டும் வேறு. இணையத்தில் இரண்டு பேரையும் ஒருவராக்கி இருந்தார்கள். போதாததற்கு எங்கள் பெரியவரின் இனிஷியலே மாறியிருந்தது. கம்பெனி நோட்டீஸில் ஊர்ப் பெயரின் எழுத்து, சினிமாவில் அப்பா பெயரின் எழுத்து. பெயர் மாறி வருவது அந்தக் காலத்தில் சாதாரணம். எம்.ஜி.ஆரே தொடக்க காலப் படங்களில் ராம்சந்தர் என்று வந்தவர். ஜெமினி கணேசன் முதலில் ஆர்.கணேஷ். காக்கா ராதாகிருஷ்ணன், குலதெய்வம் ராஜகோபால் போன்றவர்களுக்கு வேடமோ படமோ முன்பெயராக வந்து ஒட்டிக்கொண்டதால் தப்பித்தார்கள். அப்படி எதுவும் ஒட்டாதவர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, அச்சில் பெயரே இல்லாதது. பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். நடிகர் பட்டியல் ‘மற்றும் பலர்’ என்று முடியும். நம்மவர் பெரும்பாலும் அந்தப் பலரில் இருந்தார். படத்தின் டைட்டிலில் பெயர் இருக்கலாம் என்று பார்த்தால், இன்று கிடைக்கும் பல பிரதிகளில் தொடக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, இருநூறு என்ற எண். இதை மிகைப்படுத்தல் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் பற்று நோட்டைப் பார்த்தபோது வேறு விளக்கம் கிடைத்தது. துணை நடிகருக்குப் படத்தின் பெயர் பல நேரம் தெரியாது. படக் கம்பெனியின் பெயர் தெரியும், செட் தெரியும், வேஷம் தெரியும். எடுக்கும்போது ஒரு பெயர், வெளிவரும்போது வேறு பெயர். பாதியில் நின்ற படங்கள் உண்டு. நடித்த காட்சி கத்தரியில் போனதுண்டு. ஒரே செட்டில் தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தால் அவருக்கு அது இரண்டு வேலை. அவர் எண்ணியது போய் வந்த வேலைகளை. அந்தக் கணக்கில் இருநூறு பொய்யில்லை. வெளிவந்த படங்களின் கணக்கில் அது நிற்காது.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுக் குரலை முதலில் பதிவு செய்வது. காகிதம் இன்னும் பத்து வருடம் பெட்டியில் இருக்கும். அவர் இருப்பாரா என்பது அப்படியில்லை. பேரனுக்கு இது பிடிக்கவில்லை. மலருக்கு நாள் குறித்திருந்தார்கள். மகள்தான் பேரனைச் சமாதானப்படுத்தினார்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் முறையை மாற்றியது. வருடம் கேட்பதை நிறுத்தினோம். பாடம் கேட்டோம். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஒவ்வொரு நாடகமாக எடுத்து, எந்தப் பாட்டு, எந்த இடத்தில் கைதட்டு, யார் ஆர்மோனியம் என்று போனோம். பாட்டு முடிந்ததும் அந்த ஊரும் கொட்டகையும் தானாக வந்தன. காலையில் காபி குடித்த பிறகு நாற்பது நிமிடம், அதற்கு மேல் இல்லை. அவரே தொடர விரும்பினாலும் நிறுத்தினோம், மறுநாள் இருமல் வந்துவிடும்.

வருடங்களை வேறு வழியில் பிடித்தோம். அவர் வாயில் வருடம் வராது, சம்பவம் வரும். “மெட்ராஸ் காலியானப்போ நாங்க தஞ்சாவூர்ப் பக்கம்” என்றால் 1942 ஏப்ரல், ஜப்பான் குண்டு போடும் என்று சென்னையே ஊரைக் காலி செய்த சமயம். “பாகவதரை உள்ள வச்ச பொங்கலுக்கு என் குரல் போச்சு” என்றார் ஒரு நாள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானது 1944 டிசம்பர். ஆக 1945 ஜனவரியில் அவருக்கு மகரக்கட்டு உடைந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவர் தன் குரலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. பாகவதர் 1947-இல் விடுதலையாகி வந்தும் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. பாடி நடிப்பவர்களின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பின்னணிப் பாட்டு வந்துவிட்ட பிறகு, விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்து தேற்றிய தொண்டைக்குத் திரையில் வேலை குறைந்தது. வசனம் பேசும் நாக்குக்கு வேலை கூடியது. 1952-இல் பராசக்தி வந்த பிறகு பக்கம் பக்கமாக வசனம் எழுதும் வழக்கம் பரவியது. ஒரே டேக்கில் நீள வசனத்தைச் சிந்தாமல் பேசக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். கம்பெனிப் பையன்களுக்கு அது கைவந்த கலை. பெரியவருக்குப் படங்கள் வரிசையாகக் கிடைத்த வருடங்கள் இவைதான்.

மூன்றாவது முடிவு, அச்சிட்ட காகிதங்களுக்குத் தேதி குறிப்பதில் சில விதிகளை வைத்துக்கொண்டது. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, ஆகவே விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். கடிதத் தலைப்பில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. ‘தமிழ்நாடு’ என்று மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் இருந்தால் 1969-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. நடிகர் சங்கம் 1952-இல் தொடங்கியது, ஆகவே உறுப்பினர் அட்டை அதற்கு முன் இருக்க முடியாது. ணை, லை, னை ஆகியவற்றைத் துதிக்கை போன்ற வளைவு வைத்த பழைய வடிவில் அச்சிட்டிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் சிறிய அச்சகங்கள் பழைய அச்செழுத்துகளைச் சட்டென்று தூக்கிப் போடவில்லை. பெரியாரின் ஏடுகளோ 1930களிலேயே புதிய வடிவத்துக்கு மாறியவை. ஆகவே எழுத்து வடிவத்தை மட்டும் வைத்து எந்தத் தேதியும் குறிக்கவில்லை.

நான்காவது முடிவுதான் வீட்டில் பெரிய பேச்சுக்கு இடமானது. படப் பட்டியலை மூன்றாகப் பிரித்தோம். நாங்களே திரையில் அவர் முகத்தைப் பார்த்து, அவரோ மகளோ உறுதி செய்தவை ஒரு பிரிவு. பாட்டுப் புத்தகம், ஸ்டில், சங்க இதழ் போன்று அச்சிலோ படத்திலோ சான்று உள்ளவை இரண்டாவது. அவரோ குடும்பத்தாரோ சொன்னது மட்டும் உள்ளவை மூன்றாவது. எதையும் தூக்கி எறியவில்லை. மூன்றாவது பிரிவில் இருப்பது பொய் என்று பொருளில்லை, இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். 1930, 40களின் படங்களில் பெரும்பகுதிக்கு இன்று பிரதியே இல்லை. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிம், பிறகு வந்த அசிடேட் பிலிமில் புளித்த காடி நாற்றத்தோடு வரும் சிதைவு, வெள்ளிக்காக உருக்கப்பட்ட பிரதிகள் என்று போனவை போய்விட்டன. பார்க்க முடியாத படத்தில் ஒருவர் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஆல்பத்தை அவசரப்பட்டுப் பிரிக்கவில்லை. முதலில் பக்கத்தோடு 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தோம். பிறகு, ஓரம் தளர்ந்திருந்த படங்களை மட்டும், பல் இடுக்கு சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விட்டு மெல்ல அறுத்து எடுத்தோம். பிடிவாதமாக ஒட்டியிருந்தவற்றைத் தொடவில்லை. வெளியே வந்த படங்களில் பாதிக்கும் மேல் பின்புறம் முத்திரை இருந்தது. பட்டியலின் இரண்டாவது பிரிவு அதனால்தான் வளர்ந்தது.

பாட்டுக் காட்சி விவகாரம்

குடும்பம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவந்த ஒன்று இருந்தது. இன்றும் அடிக்கடி கேட்கிற ஒரு பழைய பாட்டில், நாயகன் நாயகிக்குப் பின்னால் ஓடம் தள்ளுகிறவர் தாத்தாதான் என்பது. கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டு ஓடினால் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்களாம்.

பெரியவரின் கண்பார்வைக்காகப் பெரிய திரையில் போட்டுக் காட்டினோம். இரண்டு தடவை பார்த்தார். “இது நான் இல்ல தம்பி. இவன் எங்கூடக் கம்பெனியில இருந்தவன்” என்றார். பெயரும் ஊரும் சொன்னார். அவன் எவ்வளவு நன்றாகத் தபேலா வாசிப்பான் என்றும் சொன்னார். அறையில் சத்தமே இல்லை. பேரன் மறுபடியும் கேட்டார், “தாத்தா, நல்லா பாருங்க.” அவர் பதற்றப்படவில்லை. “என்னை எனக்குத் தெரியாதா?” என்றார், அவ்வளவுதான்.

பேரன் வருத்தத்தோடு எழுந்து போனார். ஞாபகக் குறைவு, அவர் சொல்வதை அப்படியே எடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான், அதனால் அதைச் சோதித்தோம். அந்த ஓடக்காரரின் முகத்தை, அதே காலத்துக் கம்பெனிக் குழுப் புகைப்படம் ஒன்றோடு ஒப்பிட்டோம். பெரியவர் அந்தப் படத்தில் தன் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி ஏற்கெனவே அதே பெயரைச் சொல்லியிருந்தார், அதுவும் ஒலிப்பதிவில் இருந்தது. மோவாயும் காதும் ஒத்துப்போயின. முகத்தை வைத்து நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு தனித்தனி நாளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒரே ஆளை ஒரே பெயரால் சொன்னது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் படத்தைப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

அதே வாரம் வேறொரு படத்தைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது, பட்டியலில் இல்லாத ஒரு கோர்ட் காட்சியில் “நிறுத்து, நிறுத்து” என்றார். கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கும் டவாலி. அவர்தான். மகள் பார்த்தவுடன் சிரித்துவிட்டார். அப்பா கோபத்தில் நிற்கும் நிலை அப்படியே இருந்ததாம்.

என்ன ஆனது

மலர் குறித்த நாளுக்கு வரவில்லை, ஏழெட்டு மாதம் தள்ளிப்போனது. முகப்பில் ‘200 படங்கள்’ என்று போட வேண்டும் என்ற பேச்சு கடைசிவரை இருந்தது. இறுதியில் மகள் எடுத்த முடிவு, எண்ணே வேண்டாம் என்பது. உள்ளே மூன்று பிரிவுகளும் அப்படியே வந்தன. முதல் பிரிவில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் அதில் பாதி. மீதி மூன்றாவதில். இனிஷியல் குழப்பத்தால் வந்தவற்றை மற்ற நடிகரின் பெயரில் தனியாகக் குறித்தோம், அவரைப் பற்றி வேலை செய்கிறவர்களுக்கு உதவட்டும் என்று.

மலரின் பாதிப் பக்கங்கள் நாடகத்துக்குப் போயின. குடும்பம் முதலில் எதிர்பாராதது இது. கம்பெனி வீட்டு நாள் ஒழுங்கு, வாத்தியாரின் அடி, மகரக்கட்டு உடைந்த பையன்களுக்கு என்ன ஆனது, சேலத்தில் மாதச் சம்பளத்துக்கு ஸ்டூடியோ எப்படி வேலை வாங்கியது எல்லாம் அவர் வாய்மொழியிலேயே வந்தன. 1970களில் படப்பிடிப்பு செட்டை விட்டுக் கிராமத்துக்குப் போனதும், உரக்கப் பேசும் நடிப்புக்கு மதிப்புக் குறைந்ததும் அவரைப் போன்றவர்களை எப்படி வீட்டில் உட்கார வைத்தது என்பதை அவர் கசப்பில்லாமல் சொல்லியிருந்தார். 1975-இல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கிய பிறகு சில நாடகங்களில் வந்ததோடு அவர் நடிப்பு நின்றது.

அச்சுக்குப் போகும் முன் மகள் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினார். இரண்டு திருத்தம் சொன்னார். ஒன்று ஒரு பாட்டின் வரி. இன்னொன்று, அவருக்குப் பாடம் ஏற்றிய வாத்தியாரின் பெயர் முதல் பக்கத்திலேயே வர வேண்டும் என்பது. இரண்டும் சேர்ந்தன. மலர் வந்த அடுத்த வருடம் அவர் காலமானார்.

ஒலிப்பதிவின் ஒரு பிரதி குடும்பத்திடமும் ஒன்று ஓர் ஆய்வு நூலகத்திலும் இருக்கிறது. மூலக் காகிதங்கள் வீட்டிலேயே, அமிலமில்லாத உறைகளில். பேரன் இப்போது அந்த மூன்றாவது பிரிவைத் தானே சரிபார்த்து வருகிறார். புதிதாக ஒரு பாட்டுப் புத்தகம் கிடைத்தால் எங்களுக்குப் படம் எடுத்து அனுப்புகிறார். ஐந்தாறு படங்கள் இதுவரை இரண்டாவது பிரிவுக்கு ஏறியிருக்கின்றன.

ஓடக்காரரின் குடும்பத்தைப் பெரியவர் சொன்ன ஊரை வைத்துத் தேடினோம். அவருடைய மகள் கிடைத்தார். அப்பா சினிமாவில் இருந்தார் என்று தெரியும், எந்தப் படம் என்று தெரியாது, வீட்டில் ஒரு புகைப்படம்கூட இல்லை என்றார். பாட்டை அனுப்பினோம். நாங்கள் அனுப்பியதற்கு முன்பே அந்தப் பாட்டு அவர் கைபேசியில் இருந்திருக்கிறது.

இனி மாற்றிச் செய்பவை

இந்தப் பணிக்குப் பிறகு எங்கள் நடைமுறையில் சில மாற்றங்கள் வந்தன. முதல் சந்திப்புக்குப் பட்டியல் எதுவும் எடுத்துப் போவதில்லை. குடும்பத்தார் வைத்திருந்தால் தனியாக வாங்கி வைத்துக்கொள்கிறோம், கலைஞர் முன்னால் பிரிப்பதில்லை. எந்தத் துறையில் பயிற்சி பெற்றாரோ அங்கிருந்து தொடங்குகிறோம். நாடகக்காரர் என்றால் பாடம், ஸ்டண்ட் நடிகர் என்றால் சிலம்பம், நடனக் குழுவில் இருந்தவர் என்றால் அடவு.

ஒலிப்பதிவை யார் கேட்கலாம், எங்கே வைக்கலாம் என்பதற்கான ஒப்புதலை முதல் நாளே எழுத்தில் வாங்குகிறோம், கலைஞரின் கையெழுத்தோடு. இந்த முறை அதைப் பாதியில் வாங்க வேண்டி வந்தது. பெரியவர் தெளிவாக இருந்ததால் சிக்கல் இல்லாமல் முடிந்தது, எல்லார் விஷயத்திலும் அப்படி அமையாது.

திரையில் முகம் காட்டி உறுதி செய்யும் வேலையைக் குடும்பத்தார் எல்லாரும் கூடியிருக்கும்போது செய்வதில்லை. முதலில் கலைஞர் தனியாகப் பார்க்கிறார், கூட ஒருவர் மட்டும். ‘நான் இல்லை’ என்று சொல்ல அவருக்கு இடம் வேண்டும், அதைக் கேட்டுத் தாங்கிக்கொள்ள வீட்டாருக்கும் அவகாசம் வேண்டும். கூடவே, ‘இது நீங்களா?’ என்று மட்டும் கேட்பதில்லை. திரையில் தெரிகிற ஒவ்வொரு துணை நடிகரையும் காட்டி ‘இவர் யார்?’ என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்று வெகு சிலர்தான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தொண்ணூறை நெருங்குகிறார்கள். அதனால் மற்ற எந்த வேலையையும் விட இதை முன்னால் வைத்திருக்கிறோம்.